ஓஸ்காரும் ஆந்த்ரேயும், நடுவில் ஓர் ‘இருந்திருந்தால்’

கோடை விடுமுறைக்கு பிரான்சிலிருந்து பேத்தி வந்திருந்தாள். பத்தொன்பது வயது. இந்த 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நெட்ஃப்ளிக்சில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் படம் வந்ததாம். வெர்சாய் அரண்மனையில் நடக்கும் கதை. அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அந்தக் கதை மேல் பைத்தியம். பழைய தொலைக்காட்சித் தொடரின் 40 பகுதிகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். “தாத்தா, உங்களுக்குத்தான் பிரெஞ்சுப் புரட்சி மனப்பாடமாச்சே, உட்காருங்க” என்றாள்.

கார்ட்டூன் பார்க்கிற வயதா எனக்கு? எழுபத்தைந்து முடிந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். தினம் சாயங்காலம் இரண்டு பகுதி. மாடியில் இருக்கும் என் தங்கையும் இறங்கி வந்து கூட உட்கார்ந்தாள். அவளுக்கு பிரெஞ்சு தெரியாது. ஆண்பிள்ளைக்கு பிரெஞ்சு, பெண்பிள்ளைக்குத் தமிழ் என்று அப்பா பிரித்து வைத்திருந்த காலம் அது. அதனால் பெட்டியில் பேசுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும். அந்த வேலைதான் கடைசியில் என்னை மாட்டிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கதை. இதை வரைந்து எழுதியவர் ரியோக்கோ இக்கெதா என்ற ஜப்பானியப் பெண்மணி. 1972-லும் 73-லும் ஒரு பெண்கள் வார இதழில் படக்கதையாக வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து சுமார். பள்ளிக்கூட நாளில் ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய மரி அந்துவானெத் வரலாற்றைப் படித்து, அந்த ராணி மேல் பிடிப்பு ஏற்பட்டு எழுதினாராம். 1979 அக்டோபரில் தொலைக்காட்சித் தொடராக ஜப்பானில் ஆரம்பித்து 1980 செப்டம்பரில் முடிந்தது. இந்த மாதிரித் தொடரை அனிமே என்கிறார்கள். 1986-ல் பிரான்சில் ‘லேடி ஓஸ்கார்’ என்ற பெயரில் பிரெஞ்சில் ஒளிபரப்பானது. என் மருமகள் அங்கேயே வளர்ந்தவள். அப்போது அவள் சின்னப் பெண். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு இதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாளாம். இக்கெதா அம்மையாருக்கு 2009-ல் பிரெஞ்சு அரசு லெஜியோன் தொனேர் விருது கொடுத்திருக்கிறது. அதன் மதிப்பு நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜார்ஜே என்ற ஜெனரலுக்கு எல்லாம் பெண் பிள்ளைகள். கடைசியாகப் பிறந்ததும் பெண். வெறுத்துப்போய் அதற்கு ஓஸ்கார் என்று ஆண் பெயர் வைத்து, கத்தியும் குதிரையும் பழக்கி, ஆணாகவே வளர்க்கிறார். அவள் பெரியவளாகி ராணி மரி அந்துவானெத்தின் காவல் படைக்கு அதிகாரியாகிறாள். அந்த வீட்டில் அவளை வளர்த்த ஆயாவின் பேரன் ஆந்த்ரே. தாய் தகப்பன் இல்லாதவன். சின்ன வயதிலேயே வந்து சேர்ந்தவன். இவளோடு சேர்ந்து வாள் சுற்றி, மரம் ஏறி, ஒன்றாக வளர்ந்தவன். ஆனால் வேலைக்காரன். குதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டியவன்.

ஜார்ஜே என்ற ஜெனரல் நிஜமாகவே இருந்தவர், ராணியைத் தப்பிக்க வைக்க முயன்றவர். ஓஸ்காரும் ஆந்த்ரேயும் கற்பனை. நான் படித்த காலத்துச் சரித்திரப் புத்தகத்தில் இவள் பெயர் எங்கே என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்றால், எவ்வளவு நன்றாக உள்ளே நுழைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொடர் வந்து 45 வருஷம் ஆகியும் ரசிகர்கள் சண்டையை நிறுத்தவில்லை. எங்கள் வீட்டிலேயே சண்டை நடந்தது. மருமகள் பாரிசிலிருந்து தொலைபேசியில் ஒரு கட்சி, பேத்தி இங்கே ஒரு கட்சி.

முதல் சண்டை, ஓஸ்காருக்கு ஏற்றவன் யார் என்பது. ஸ்வீடன் நாட்டுப் பிரபு ஃபெர்சனா, ஆந்த்ரேயா? ஃபெர்சன் சரித்திரத்தில் உள்ள ஆள். ராணியும் அவரும் ஒரே வருஷம், 1755-ல் பிறந்தவர்கள். கதையில் ஓஸ்காரும் அதே வருஷம்தான். ஃபெர்சன் மனதில் ராணி. ஓஸ்கார் மனதில் ஃபெர்சன். ஆந்த்ரே மனதில் ஓஸ்கார். யாரும் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. ஓஸ்கார் ஒரே ஒரு முறை, ஃபெர்சனோடு ஆட வேண்டும் என்பதற்காகப் பெண்ணுடை போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகிறாள். அதோடு சரி.

என் கருத்து இது. ஃபெர்சனுக்காக அவள் வேறு ஆளாக உடுத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஆந்த்ரே முன்னால் அப்படி எதுவும் வேண்டாம். சேறு படிந்த பூட்ஸோடு உட்கார்ந்து பேசலாம். இதற்கு மேல் இந்தச் சண்டையில் ஒன்றும் இல்லை. மருமகளும் பேத்தியும்கூட இதில் ஒரே கட்சிதான்.

இரண்டாவது சண்டைதான் பெரிது. ஓஸ்கார் அரண்மனைக் காவலை விட்டு கார்த் ஃபிரான்சேஸ் என்ற பிரெஞ்சுக் காவல் படைக்கு மாறப் போகிறாள். இனி நீ எனக்குத் துணை வர வேண்டாம் என்று ஆந்த்ரேயிடம் சொல்கிறாள். அன்றிரவு அவன் நிதானம் இழந்து அவளைப் பலவந்தமாக முத்தமிட்டு, சட்டையைக் கிழித்துவிடுகிறான். அவள் அழுததும் கைவிட்டு, மன்னிப்புக் கேட்கிறான். படக்கதைப் புத்தகத்தில் இன்னொன்று இருக்கிறது, தொலைக்காட்சியில் வராதது. ஓஸ்காரை ஒரு பிரபுவுக்குக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடக்கிறபோது, இவன் மதுவில் நஞ்சைக் கலந்து அவளுக்குக் கொடுத்துத் தானும் சாக நினைக்கிறான். அவள் வாய் வைக்கும் முன் தட்டிவிடுகிறான்.

மருமகள் சொன்னாள்: “மாமா, அவன் நிறுத்திட்டான் இல்ல, மன்னிப்பும் கேட்டான். எத்தனை வருஷம் கூடவே நின்னவன்.” அவள் வயதுக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் பார்த்தார்களாம். பேத்தி விடவில்லை. “நிறுத்தினதுக்கு மார்க் போடணுமா? அவ அழலைன்னா?” என்றாள்.

நான் பேத்தி பக்கம். எங்கள் காலத்து சினிமாவில் கதாநாயகன் இதைவிட மோசமாகச் செய்வான், நாங்கள் விசிலடித்தோம். அது எங்கள் காலத்துத் தவறு. பின்னால் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அந்த இரவைக் கணக்கிலிருந்து அடிக்க முடியாது.

ஆனால் பேத்தியிடம் ஒன்று கேட்டேன். இவ்வளவு வருஷம் இவன் ஏன் வாயைத் திறக்கவில்லை? சிறு வயதில் ஒரு சம்பவம் வருகிறது. இளவரசி மரி அந்துவானெத் ஏறிய குதிரை மிரண்டு ஓடிவிட, கடிவாளம் பிடித்திருந்த ஆந்த்ரேமேல் பழி விழுகிறது. பதினைந்தாம் லூயி அவனைக் கொல்லச் சொல்கிறார். ஓஸ்கார் குறுக்கே வந்து, கொல்வதானால் என்னைக் கொல்லுங்கள் என்கிறாள். உயிர் பிழைக்கிறான். என்றைக்காவது இவளுக்காக என் உயிரைக் கொடுப்பேன் என்று அன்றைக்கு மனதில் முடிந்துகொள்கிறான். அதாவது அவன் கடன்பட்டவன். மேலும் அவள் எஜமான் வீட்டுப் பெண். கடன்பட்டவனும் வேலைக்காரனுமாக இருக்கிறவன் எந்த வாயால் கேட்பான்? கேட்கவே இடமில்லாத ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாடு அவன் செய்ததை நியாயமாக்காது. ஆனால் அந்த ஏற்பாட்டைப் பற்றி யாருமே சண்டை போடவில்லையே என்பதுதான் என் வியப்பு. எல்லாரும் இவன் நல்லவனா கெட்டவனா என்றே பார்க்கிறார்கள்.

மூன்றாவது சண்டை முடிவைப் பற்றியது. 1789 ஜூலை. பாரிஸ் கொந்தளிக்கிறது. மக்களைச் சுடச் சொல்லிப் படைக்குக் கட்டளை வரப்போகிறது. ஓஸ்கார் மக்கள் பக்கம் போய்விடுகிறாள். படக்கதையில், தன் பட்டத்தையும் பதக்கங்களையும் தானே பிய்த்தெறிந்துவிட்டுப் போகிறாள். தொலைக்காட்சியில் வேறு மாதிரி. அதற்கு முதல் இரவுதான் அவளும் ஆந்த்ரேயும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டிருப்பார்கள், மின்மினிகள் பறக்கிற காட்டில். மறுநாள் அவள் படைவீரர்களிடம், நான் இப்போது ஆந்த்ரேயின் மனைவி, என் கணவன் போகிற வழியில் போகிறேன் என்கிற மாதிரி பேசுகிறாள். தொடரின் முற்பகுதியை இயக்கியவர் நாகஹாமா, பிற்பகுதியைத் தெசாக்கி. பின்பாதிக்காரர் கதையைத் தன் வழிக்குத் திருப்பிவிட்டார், ஓஸ்காரைச் சிறியவளாக்கிவிட்டார் என்று பலருக்குக் கோபம். பேத்திக்கு அந்தக் கோபம். மருமகளோ, “அவ்வளவு நாள் உத்தரவு போட்டே வாழ்ந்தவ. ஒரு நாள் இன்னொருத்தர் தோள்ல சாய்ஞ்சா என்ன குறைஞ்சு போச்சு?” என்றாள்.

எனக்குப் படக்கதையின் முடிவுதான் சரி. அவள் தன் பட்டத்தைத் தானே கழற்றி வைத்தால்தான் ஆந்த்ரேக்குச் சமமாக நிற்க முடியும். கணவன் வழி என்று சொல்லும்போது எஜமானி பட்டம் போய் மனைவி பட்டம் வருகிறது, அவ்வளவுதான்.

இப்படி மூன்று சண்டையிலும் கருத்துச் சொல்லிக்கொண்டு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தேன். மாட்டிக்கொண்டது நான்காவது இடத்தில். அதைப் பற்றி ரசிகர்கள் அதிகம் சண்டை போடுவதில்லை.

அது ஜெனரல் ஜார்ஜே.

பெண் மக்களுக்குச் சாதகமாக நடந்துகொண்டாள் என்று தெரிந்ததும் ஜெனரல் அவளைக் கொல்லவே வாளை ஓங்குகிறார். ஆந்த்ரே துப்பாக்கியோடு குறுக்கே வந்து நிற்கிறான். அவளை நேசிப்பதாகப் பெரியவர் முகத்துக்கு நேரே சொல்கிறான். பிரபுக்கள் கல்யாணத்துக்கு ராஜாவின் அனுமதி வேண்டும், நீ யார் என்று அவர் கேட்கிறார். நேசிப்பதற்குக்கூடவா அனுமதி வேண்டும் என்கிற தோரணையில் அவன் பதில் சொல்கிறான். இந்த இடத்தில் எல்லாரும் ஆந்த்ரேக்குக் கை தட்டுகிறார்கள். சரி.

பிறகு வருகிறது இன்னொரு இடம். கோபம் தணிந்த ஜெனரல் ஆந்த்ரேயிடம் கனிவாகவே பேசுகிறார். நீ மட்டும் பிரபு குலத்தில் பிறந்திருந்தால், சந்தேகமே இல்லாமல் உனக்கு என் பெண்ணைக் கொடுத்திருப்பேன் என்கிற கருத்தில். மருமகள் இந்த இடத்தில் அழுதிருக்கிறாளாம். பார், அந்த மனுஷனுக்குள்ளும் அன்பு இருந்தது என்று.

அதை நான் தங்கைக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன். “நீ மட்டும் நம்ம ஆளா இருந்திருந்தா, நானே முன்ன நின்னு கட்டி வச்சிருப்பேன், அப்படீங்கறார்” என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. பிரெஞ்சில் ‘பிரபு’ என்று இருந்ததை நான் ‘நம்ம ஆள்’ என்று சொல்லிவிட்டேன். ‘முன்ன நின்னு’ என்பது அந்த வசனத்தில் கிடையவே கிடையாது. அது 1979-ல் நான் சொன்ன வாக்கியம். எழுத்து மாறாமல் அப்படியே வந்துவிட்டது.

தங்கை ஒன்றும் கவனித்ததாகத் தெரியவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “இவனாவது பெரியவர் முன்னாடி வந்து வாயைத் தொறந்தான். எல்லாரும் தொறக்கிறதில்ல.”

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரு மகன். ஐந்து வயதிலிருந்து அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வருவான். தாழ்வாரத்தில் எங்களோடு உட்கார்ந்து படித்தவன். நான் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவன் என் தங்கைக்குச் சைக்கிள் சொல்லிக் கொடுத்தான். கெட்டிக்காரன். பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்கு வந்தான், நானும் அவனும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்போதும் அவனுக்குத் தனி டம்ளர்.

1976-ல் அப்பா காலமாகிவிட்டார். வீட்டுக்குப் பெரியவன் நான். 1979 ஐப்பசியில் ஒரு நாள், நல்ல மழை, ஆபீஸ் விடும் நேரத்தில் என் மேஜை முன்னால் வந்து நின்றான். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தங்கையைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். “அவங்க கிட்ட நான் ஒண்ணும் பேசலண்ணா. உங்களைக் கேக்காம பேசறது தப்பு” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதைத்தான் இத்தனை காலம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு வீடாக இருந்தால் கையை ஓங்கியிருப்பார்கள், நான் தோளைத் தட்டிப் பேசினேன். “நீ மட்டும் நம்ம ஆளா இருந்திருந்தா, நானே முன்ன நின்னு கட்டி வச்சிருப்பேன்டா” என்றேன். “சரிங்கண்ணா” என்றான். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு மாதத்தில் மாஹேக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அங்கே போக யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள்.

நான் அப்போது பார்த்த வேலை பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு. பிறர் கல்யாணத்தைப் பதிவேட்டில் எழுதிச் சம்பளம் வாங்கியவன். பெற்றவர்கள் வராமல் இரண்டு நண்பர்களைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டே வந்த ஜோடிகளுக்கு, பயப்படாதீங்க, இங்கே கையெழுத்துப் போடுங்க என்று தைரியம் சொன்னவன். மற்றவர் வீட்டுக்கு அவ்வளவு நல்லவன்.

தங்கையிடம் எதுவும் சொல்லவில்லை. 1981-ல் அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை தங்கமானவர், அதில் குறை சொல்ல முடியாது. அவரும் போய் ஏழு வருஷம் ஆகிறது. மாஹே போனவரும் இப்போது இல்லை. நான்கு வருஷம் முன்பு செய்தி வந்தது, துக்கத்துக்கு நான் போகவில்லை.

தூங்காத அந்த இரவுக்கு மறுநாள், பேத்தி கடற்கரைக்குப் போன நேரமாகப் பார்த்து மாடிக்குப் போனேன். சொன்னேன்.

“கேட்டாரா? எப்ப?” என்றாள். சொன்னேன்.

“நீ என்ன சொன்ன?”

“அந்த ஜெனரல் சொன்னதத்தான்.”

ரொம்ப நேரம் பேசவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. “நாப்பத்தாறு வருஷமா அவர மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேனே அண்ணா. வாயத் தொறக்காம ஊர விட்டு ஓடிப்போன கோழைன்னு. உயிரோட இருக்கும்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா” என்றாள். அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அது போனது போகட்டும். ஆனால் ஒரு நேர்மையான மனிதனைப் பற்றி ஒரு பொய்யை அவள் மனதில் 46 வருஷம் இருக்க விட்டேனே, அதற்குக் கணக்கு நான்தான் சொல்ல வேண்டும். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கெடுதல் செய்தவனுக்குத் தான் செய்த கெடுதலின் அளவுகூடத் தெரிவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ரசிகர்கள் இந்தக் கதையில் தப்பான ஆளைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஆந்த்ரே நல்லவனா, ஃபெர்சன் மேலா, ஓஸ்கார் தாழ்ந்து போனாளா என்று இரண்டு மூன்று இளைஞர்களையே நிறுத்தி விசாரிக்கிறார்கள். அந்த இளைஞர்கள் தப்புச் செய்தார்கள், தவித்தார்கள், கடைசியில் உயிரையும் விட்டார்கள். ஜூலை 13-ல் ஆந்த்ரே சுடப்பட்டுச் சாகிறான். 14-ல், பஸ்தீய் கோட்டை விழும் நாளில், ஓஸ்கார். விசாரிக்க வேண்டியது ஜெனரலை. அதுவும் வாளை ஓங்கிய ஜெனரலை அல்ல. ஓங்கிய வாளுக்கு எதிரே நின்றுவிடலாம், ஆந்த்ரே நின்றான். ‘நீ மட்டும் இப்படி இருந்திருந்தால்’ என்று அன்பாகச் சொல்கிறவர் முன்னால் என்ன செய்வது? நன்றி சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். தன்மேல் ஒரு குறையும் இல்லை, பிறப்புதான் குறை என்று சொல்லிவிட்டால், ஒருவன் எதைத் திருத்திக்கொண்டு திரும்பி வருவான்?

பாவம் ஜெனரலுக்கு ஒரு சாக்கு உண்டு. அந்தக் காலத்து ஏற்பாடு அப்படி. அவர் மகள் செத்து மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 4 இரவில், பிரபுக்களின் சலுகைகளை ரத்து செய்தார்கள். 1790 ஜூன் 19-ல் பரம்பரைப் பிரபுப் பட்டமே ஒழிந்தது. 1792 செப்டம்பரில் கல்யாணத்தைப் பாதிரியாரிடமிருந்து எடுத்து நகராட்சிப் பதிவேட்டில் எழுதும் சட்டம் வந்தது. இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தால் அவருடைய ‘இருந்திருந்தால்’ சட்டப்படி செல்லாது.

எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. 1979-ல் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பதிவேடு என் மேஜையிலேயே இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஜூலை 14 அன்று கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு மலர் வளையம் வைக்கும்போது நானும் போய் நிற்பேன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த மூன்றும் மனதில் ஓடும். நடு வார்த்தையை நான் எங்கே விட்டேன் என்று இந்த வருஷம்தான் யோசித்தேன்.

தங்கை இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. சாப்பாட்டைப் பேத்தி மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். “மிச்சத்தப் போடுடி” என்றாள் பேத்தியிடம். என்னிடம், “நீ சொல்லு, விடாம சொல்லு” என்றாள். சொன்னேன். கணவன் போகும் வழியில் போகிறேன் என்று ஓஸ்கார் பேசும் இடம் வந்தது. அவளுக்கு எரிச்சல். “புருஷன் போற வழியில போறேன்னு சொல்றதுக்கா இவ்வளவு கத்தியும் குதிரையும்? அது எங்களுக்கே தெரியுமே” என்றாள். பேத்தி எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். ரசிகர்கள் பல வருஷமாகப் போடும் மூன்றாவது சண்டை எங்கள் வீட்டில் அத்தோடு தீர்ந்தது.

இதையெல்லாம் எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்தும் காட்டினேன். “எழுது. அவர் பேரப் போடாதே. ஆனா அவர் கேட்டார்னு தெளிவாப் போடு” என்றாள். போட்டுவிட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். இப்போது நாம் ஆந்த்ரேயும் இல்லை, ஓஸ்காரும் இல்லை. நமக்கு மிச்சம் இருக்கிற வேடம் அந்த ஜெனரல் வேடம் ஒன்றுதான். பேரன் பேத்தி விஷயத்தில் யாராவது நம் முன்னால் வந்து நிற்பார்கள். வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் காரணத்தைச் சொல்லுங்கள். பையன் குடிக்கிறான், வேலை இல்லை, குணம் சரியில்லை, எதுவானாலும் சொல்லுங்கள், அவன் பதில் சொல்லட்டும். ‘நீ மட்டும் நம்ம ஆளா இருந்திருந்தா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது தன்மையான பேச்சு என்று நினைத்துக்கொண்டு நான் 46 வருஷம் இருந்துவிட்டேன்.

அப்படியே சொல்லிவிட்டாலும், வந்து கேட்டான் என்பதையாவது அந்தப் பெண்ணிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.